எச்சங்கள் இயல்நிலைப் பரவலில் இல்லாதபோது டி சோதனையை நம்பலாமா?

வணக்கம். 38 பதிவுகள் கொண்ட தரவுக்கு, மூன்று சாரா மாறிகளை வைத்து நேரியல் தொடர்புப் போக்கு மாதிரி ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். அதன் எச்சங்கள் (உண்மை மதிப்புக்கும் மாதிரி தரும் மதிப்புக்கும் உள்ள வேறுபாடுகள்) வலப்பக்கம் நீண்ட வாலுடன் தெளிவாகக் கோட்டமுற்றிருக்கின்றன. மீச்சிறு வர்க்க முறையில் கிடைக்கும், ஒவ்வொரு மாறியின் விளைவையும் சொல்லும் கெழுக்கள் பிறழ்ச்சியற்றவையாக இருப்பதற்கு இயல்நிலைப் பரவல் தேவையில்லை என்பதையும், கூறின் அளவு பெரிதானால் மைய எல்லைத் தேற்றத்தின் (பல பிழைகளின் கூட்டு இயல்நிலைப் பரவலை நெருங்கும் என்பது) துணையால், கெழு பூச்சியத்திலிருந்து வேறுபடுகிறதா எனப் பார்க்கும் டி சோதனை ஏறத்தாழச் சரியாகவே அமையும் என்பதையும் அறிவேன். ஆனால் 38 போதுமா என்பதே என் கவலை. அதிலும் ஒரு மாறியில் இரண்டு பதிவுகள் மற்றவற்றிலிருந்து வெகுதொலைவில் இருப்பதால், அதன் கெழுவைப் பெரும்பாலும் அவ்விரண்டின் பிழைகளே தீர்மானிக்கின்றன, ஆகவே அங்கே பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்வதாக எனக்குத் தோன்றவில்லை.

டி சோதனையில் அக்கெழுவின் பி மதிப்பு 0.03, அதாவது வழக்கமான 0.05 எல்லைக்குக் கீழ்; பூட்ஸ்டிராப் முறையில் (தரவிலிருந்தே திரும்பத் திரும்பக் கூறெடுத்து) கணித்த 95 சதவீத நம்பிக்கை இடைவெளியோ பூச்சியத்தை உள்ளடக்குகிறது. இயல்நிலைப் பரவலைச் சோதிக்கும் ஷப்பிரோ–வில்க் சோதனையைக் கொண்டு முடிவெடுக்க விரும்பவில்லை; சிறு கூறில் அது விலகலைத் தவறவிடக்கூடும், பெருங்கூறில் பொருட்படுத்தத் தேவையற்ற விலகலையும் சுட்டிக்காட்டும். சார்ந்த மாறிக்கு மடக்கை எடுத்தால் கோட்டம் குறைகிறது, ஆனால் கூட்டல் விளைவு பெருக்கல் விளைவாகி, கேள்வியே மாறிவிடுகிறது.

பொருத்திய மதிப்பு கூடக்கூட எச்சங்களின் சிதறலும் விரிகிறது. கோட்டத்தைவிட இதுதான் கெழுவின் திட்டப் பிழையை (மதிப்பீட்டின் நிச்சயமின்மை அளவை) அதிகம் கெடுக்கிறதோ என ஐயுறுகிறேன். இந்நிலையில் எந்த முடிவை அறிக்கையில் எழுதுவது முறையாகும் என்று, இத்தகைய தரவைக் கையாண்டவர்கள் காரணத்துடன் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.