புதுப்பிப்பு: ‘போடு’ என்று ஒரு பக்கம்

ஆங்கிலச் சொற்கள் தெரிகின்றன, எதோடு எது சேரும் என்பதுதான் பிடிபடவில்லை என்று மூன்று மாதத்துக்கு முன் எழுதியிருந்தேன். அலுவலக மின்னஞ்சலில் ‘டிட் எ மிஸ்டேக்’ என்று எழுதி, மேலாளர் அதை ‘மேட்’ என்று திருத்தியதையும் சொல்லியிருந்தேன். சேர்ந்து வரும் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்னீர்கள். செய்தேன், இரண்டே வாரத்தில் மறந்துவிட்டது.

அப்புறம்தான் தமிழ் வினையிலிருந்து தொடங்கினேன். நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ‘போடு’. டீ போட்டால் ‘மேக்’, மாத்திரை போட்டால் ‘டேக்’, லைட் போட்டால் ‘டர்ன் ஆன்’, சட்டை போட்டால் ‘புட் ஆன்’, கையெழுத்துப் போட்டால் வெறும் ‘சைன்’. மாத்திரைக்கும் நான் ‘புட்’ சொல்லிக்கொண்டிருந்தது அந்தப் பக்கத்தைப் பார்த்தபோதுதான் உறைத்தது. கனவும் அப்படித்தான். நாம் காண்கிறோம், அவர்களுக்கு அது ‘ஹேவ்’.

மழைக்கு ஏன் ‘ஹெவி’, காற்றுக்கு ஏன் ‘ஸ்ட்ராங்’ என்று ஒருவர் கேட்டிருந்தார். வழக்கம்தான், வேறு காரணம் தேட வேண்டாம். மொழியியலாளர் ஹாலிடே 1966-இல் காட்டிய உதாரணம் இது: டீ ‘ஸ்ட்ராங்’, கார் ‘பவர்ஃபுல்’. மாற்றிச் சொன்னால் காதில் இடிக்கும். நம்மிடம் ‘கனமழை’ இருப்பதால் ‘ஹெவி ரெயின்’ மட்டும் எனக்குச் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

இப்போது ‘எடு’ பக்கம் எழுதுகிறேன். போட்டோவுக்கும் லீவுக்கும் ‘டேக்’ சரி. பசி எடுப்பதற்குத்தான் வினையே மாறி ‘ஐ ஆம் ஹங்க்ரி’ ஆகிவிடுகிறது. ‘பிடி’ அடுத்த வாரம்.