மறு: 'ஆப்டிமிஸ்டிக் பயஸ்' – தன்விலக்கெண்ணம் என்று வைக்கலாமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வீட்டுக்குள் சேரும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள், தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்ற கட்டுரையைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் அடிக்கடி வரும் 'ஆப்டிமிஸ்டிக் பயஸ்' (ஆபத்து பிறருக்குத்தான், தனக்கு வராது என்ற மனச்சாய்வு) என்பதற்குச் சொல் கேட்டிருந்தேன். வந்த பரிந்துரைகள்:

> நன்னம்பிக்கைச் சாய்வு
> மிகைநம்பிக்கை
> அலட்சியப் போக்கு
> உட்கோட்டம்

நால்வருக்கும் நன்றி. எல்லாவற்றையும் வாக்கியங்களில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எதற்குப் பெயர் தேடுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் இந்தப் போக்கைப் பற்றி எழுதினார். அதே பத்தாண்டின் பிற்பகுதியில் நியூ ஜெர்சியில் ரேடானை வைத்து அவரும் உடன் ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். ரேடான் கெடுதல் என்பதை அங்கே மக்கள் மறுக்கவில்லை. தங்கள் வட்டாரத்தில் அது இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. சொந்த வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அக்கம்பக்கத்தைவிட எங்கள் வீட்டில் குறைவாகத்தான் இருக்கும்" என்றார்கள். ஒரு தெருவில் முக்கால்வாசிப் பேர், தெருவின் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளைவிடத் தங்கள் வீட்டில் குறைவு என்று சொன்னால் கணக்கு உதைக்கும் அல்லவா? அந்த இடத்துக்குத்தான் பெயர் வேண்டும்.

இந்த நினைப்புக்கு ரேடான் நன்றாகவே இடம் கொடுக்கிறது. மண்ணிலும் பாறையிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, அதிலிருந்து பிறக்கும் வாயு அது. நிறம் கிடையாது, மணம் கிடையாது. தரை விரிசல் வழியாக ஏறி, மூடிய அறையில் தேங்கும். அரை ஆயுள் 3.8 நாள். அது சிதைந்து உண்டாகும் சேய்த் தனிமங்கள் மூச்சோடு போய் நுரையீரலில் படிந்து ஆல்பாக் கதிர் வீசும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த பெரிய காரணம் இதுதான். அமெரிக்காவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 21,000 பேர் இதனால் இறக்கிறார்கள் என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் மதிப்பீடு. புகைப்பவருக்கு ஆபத்து இன்னும் பல மடங்கு. ஆனால் யாருக்கும் இருமல் வராது, கண் எரியாது. பிரிட்டனில் கார்ன்வால், டெவன் போன்ற கருங்கல் பகுதிகளில் அளந்து பார்த்து, அளவு கூடுதல் என்று கடிதமும் வந்த பிறகு, வீட்டைச் சரிசெய்தவர்கள் சிறுபான்மையினர்தான்.

இனி உதாரணத்துக்கு வடசென்னைக்கு வருகிறேன். இங்கே ரேடான் கூடுதல் என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குளிர்நாட்டு வீடுகளில் நிலவறை உண்டு, மாதக்கணக்கில் ஜன்னல் சாத்தியே இருக்கும். இங்கே அப்படி இல்லை. சொல்லை நான் இந்த ஊரில் தேடுவதற்குக் காரணம், அந்த நினைப்பு இங்கே தினமும் காதில் விழுவதுதான். மழைக்காலத்துக்கு முன்னால் கொருக்குப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ போய், ரேஷன் கார்டையும் பிள்ளைகளின் சான்றிதழ்களையும் பரண்மேல் ஏற்றியாயிற்றா என்று கேளுங்கள். "தண்ணியெல்லாம் அந்தாண்ட தெருவுலதாம்பா நிக்கும், நம்மாண்ட வராது" என்பார்கள். அந்தாண்டத் தெருவில் கேட்டாலும் இதே பதில்தான் வரும். டெங்குக் கொசுப்புழு பார்க்க வரும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் இது மனப்பாடம். தண்ணீர் நிற்கும் என்பதிலும் கொசு கடிக்கும் என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை. தன் வாசலை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

இதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தமிழில் நம்பிக்கை நல்ல சொல். பள்ளிச் சுவரிலும் ஆட்டோவின் முதுகிலும் எழுதி வைக்கிறோம். "உங்களுக்கு நன்னம்பிக்கைச் சாய்வு இருக்கிறது" என்று ஒரு அம்மாவிடம் சொன்னால், பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்வார். மிகைநம்பிக்கைக்கும் இதே சிக்கல். தன் திறமையை மிகையாக மதிப்பிடுவது வேறு பொருள், அதற்கு அந்தச் சொல்லை விட்டுவைப்போம்.

அலட்சியப் போக்கு என்பதை நான் அழுத்தமாக மறுக்கிறேன். அது திட்டுகிற சொல். ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பவர் ஒழுகும் கூரையைச் சரிசெய்யவில்லை என்றால், வீட்டுக்காரர் விடமாட்டார் என்பதோ கையில் காசில்லை என்பதோ காரணமாக இருக்கலாம். அமெரிக்காவிலும் வாடகை வீட்டில் இருப்பவர்கள் ரேடான் சோதனை செய்வது குறைவு. அவர்களையெல்லாம் அலட்சியக்காரர்கள் என்று ஒரு கலைச்சொல்லுக்குள் அடைத்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, சனங்கள் நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிறகு நெடுநாள் போராடவும் செய்தார்கள். இவர்களையா அலட்சியம் என்பது? அங்கே மூக்கில் ஏறுகிற நெடி இருந்தது, பொறுப்பைக் கேட்க ஒரு ஆலை இருந்தது. நியூ ஜெர்சியிலும் இதே கதைதான். மான்ட்கிளேர், கிளென் ரிட்ஜ், வெஸ்ட் ஆரஞ்சு ஊர்களில் பழைய ரேடியம் ஆலைக் கழிவு கலந்த மண்மேல் வீடுகள் எழும்பியிருந்தன. அந்த மண்ணை வெர்னன் என்ற ஊருக்குக் கொண்டுபோகத் திட்டமிட்டபோது, 1986இல் வெர்னன் மக்கள் திரண்டு தடுத்தார்கள். அதே மாநிலத்தில் பாறையிலிருந்து தானாக ரேடான் ஏறும் வீடுகளில் பலர் சோதனைகூடச் செய்யவில்லை. ஆபத்து என்பது கேடும் சினமும் சேர்ந்தது என்று, ஆபத்தை மக்களிடம் எடுத்துச் சொல்வதில் வல்லுநரான பீட்டர் சாண்ட்மன் வகுத்தார். பாறைமேல் யார் சினம் கொள்வது? (அவருடைய 'அவுட்ரேஜ்' என்பதற்குச் சினம் போதும் என்று நினைக்கிறேன்.)

உட்கோட்டம் அழகான சொல். குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் வருகிறது, மனத்தின் வளைவு என்ற பொருளும் சரியாகவே இருக்கிறது. ஆனால் கோட்டம் என்றதும் இங்கே பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு வள்ளுவர் கோட்டம்தான் நினைவுக்கு வரும். மேலும் அது எல்லா வகை மனச்சாய்வுக்கும் பொதுவான பெயர். 'பயஸ்' என்ற பொதுச்சொல்லுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

என் முன்மொழிவு தன்விலக்கெண்ணம். கணக்கிலிருந்து தன்னை விலக்கிக்கொள்ளும் எண்ணம். தன்னடக்கத்தில் தன்னை அடக்குவது போல இதில் தன்னை விலக்குவது. ஒரு நண்பர் தனி மடலில் 'தன்விலக்கு' போதுமே என்றார். வரிவிலக்கு, மதுவிலக்கு என்று பழகிய காதுக்கு அது சட்டச் சலுகை போல ஒலிக்கும். வீட்டு விலக்கு என்ற வழக்கும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது, பெண்கள் கூட்டத்தில் அந்தச் சொல்லோடு பேசத் தொடங்கினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். 'தன்விலக்கம்' என்றால் பள்ளிக் கணக்கில் படித்த திட்ட விலக்கத்தோடு குழப்பும், அதுவும் புள்ளிவிவரம் நிறைந்த கட்டுரையில். எண்ணம் சேர்ந்தால் இந்தக் குழப்பங்களெல்லாம் போகின்றன. நீளம்தான், ஆனால் முதல்முறை கேட்பவரும் பிரித்துப் பொருள் சொல்லிவிடலாம். வினையாக வேண்டுமென்றால் 'தன் வீட்டை விலக்கிப் பார்க்கிறார்' என்று எழுதலாம். வாக்கியத்தில் இப்படி வரும்: "ரேடான் பற்றிய அறிவு கூடினாலும் தன்விலக்கெண்ணம் குறைவதில்லை."

அப்புறம், 'ஆக்‌ஷன் லெவல்'. இதற்குப் பாதுகாப்பு அளவு என்று ஒருவர் எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம். கன மீட்டருக்கு இத்தனை பெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் வீட்டைச் சரிசெய் என்று அரசு போடும் கோடு அது. பிரிட்டனில் 200, அமெரிக்காவில் சுமார் 148. உலக சுகாதார நிறுவனம் 2009இல் 100 என்றது, அது இயலாத நாடுகளும் 300ஐத் தாண்டக் கூடாது என்றது. கோட்டுக்குக் கீழே ஆபத்து சுழியம் ஆகிவிடாது, அளவு குறையக் குறைய அதுவும் குறையும், அவ்வளவுதான். 190 வந்த வீட்டுக்காரர் 'பாதுகாப்பு அளவு' என்று படித்தால் நிம்மதியாகக் கதவைச் சாத்திக்கொள்வார். 'நடவடிக்கை அளவு' என்று வைத்திருக்கிறேன். ரேடான், பெக்கெரல் இரண்டையும் அப்படியே விடுகிறேன்.

மருத்துவத் துறையில் இருப்பவர்கள் யாராவது தன்விலக்கெண்ணத்தை நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்து எழுத முடியுமா? சர்க்கரை நோய், புகை என்று வரும்போதும் அது பொருந்துகிறதா என்று தெரிந்தால், ரேடான் கட்டுரைக்கு வெளியேயும் பொதுச்சொல்லாகப் பட்டியலில் சேர்க்கலாம்.