எவ்வளவு அனுப்பினாலும் அம்மை அப்பா கையில பைசா நிக்கலைன்னா… குமரி மாவட்டத்து நாலு ஊர் பேர்ல நாலு யோசனை.

மார்த்தாண்டம்
மாசத் தொகையைக் கூட்டுறதுக்கு முன்னால அலமாரியில இருக்குற நகை அடகுச் சீட்டு எல்லாத்தையும் வெளியே எடுங்க. பெரும்பாலும் ஓட்டை அங்கதான் இருக்கும். 1 லட்சம் கடன், வருஷத்துக்கு 12% வட்டின்னு வைங்க. வட்டி கட்டாம முதலோட சேர்த்துத் திருப்பி வச்சா முதல் வருஷ முடிவுல 1,12,000, அடுத்தது 1,25,440, மூணாவது 1,40,493. புதுசா ஒரு பைசாவும் வாங்காமலே 40 ஆயிரம் ஏறியாச்சு. தங்க விலை ஏறுறதால கடையில மறுபேச்சு வராது. வீட்டுலயும் நகை பத்திரமா இருக்குன்னு ஒரு நினைப்பு. "திருப்பி வச்சாச்சு"ன்னு சொன்னா, வட்டி கட்டி வச்சீங்களா, சேர்த்து வச்சீங்களான்னு கேளுங்க. மாசம் 1,000 ரூபாயை நீங்களே நேரா கடன் கணக்குல கட்டினா முதல் ஏறாது; மேல 2,000 போட்டா இறங்கும். எல்லா நகையும் ஒரே சீட்டுல இருந்தா ஒரு வளையலை மட்டும் மீட்கிறது பல இடத்துல நடக்காது. அடுத்த தடவை ரெண்டு மூணு சீட்டாப் பிரிச்சு வைங்க, சின்னதை முதல்ல மீட்கலாம்.

குளச்சல்
மாசாமாசம் ஒரே தொகை அனுப்புறது சம்பளக்காரங்க வீட்டுக்குச் சரி. கடலை நம்பின வீட்டுக்குச் சரிவராது. மேற்குக் கரையில விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கிழக்குக் கரைக் கணக்குல வர்ற சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. மழைக்கு மறைப்பு கட்டாத ரப்பர் மரத்துலயும் ஜூன், ஜூலைல பால் வெட்டு நிக்கும். வரவு உள்ள மாசத்துல நம்ம பணம் கல்யாணச் சுருளுக்கும் (மொய்) சொந்தக்காரன் கைமாத்துக்கும் போயிரும், இல்லாத மாசத்துல வட்டிக்கு வாங்குவாங்க. வருஷத்துக்கு 96,000 குடுக்கிறதா இருந்தா 10 மாசம் 7,000, வரவு இல்லாத அந்த 2 மாசம் 13,000.

நாகர்கோவில்
மரம் முறிச்ச பணம், ஓய்வுப் பணம்னு மொத்தமா வந்தா ஊருக்கே தெரிஞ்சிரும், கைமாத்து கேட்டு ஆளும் வரும். 60 தாண்டினவங்களுக்குத் தபால் நிலையத்துல மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கு. வட்டி 8.2%, 5 லட்சத்துக்கு மூணு மாசத்துக்கு ஒருக்கா 10,250. ஒரு வருஷத்துக்குள்ள முடிச்சா குடுத்த வட்டியைப் பிடிச்சிருவாங்க; ரெண்டு வருஷத்துக்குள்ள 1.5%, அதுக்கு மேல 1% கழியும். "இப்ப எடுத்தா நஷ்டம்"னு கேக்கவங்ககிட்ட சொல்ல அப்பாவுக்கு இது உதவும்.

கைச்செலவுக்கு யுபிஐ சர்க்கிள். கணக்கு உங்களுது, போன் அவங்களுது. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட கேக்காம அவங்களே குடுக்கிற மாதிரி வச்சா, மாசம் 15,000, ஒரு தடவைக்கு 5,000 தாண்ட முடியாது.

தக்கலை
மேல சொன்னதெல்லாம் செலவு. வீட்டையே கவுக்கிறது ஜாமீன் கையெழுத்து. கடன் வாங்கினவன் கட்டலைன்னா, 1872 ஒப்பந்தச் சட்டம் 128-ம் பிரிவுப்படி ஜாமீன்தாரருக்கும் அதே பொறுப்பு; வாங்கினவன்கிட்ட கேட்டு முடிச்சிட்டுத்தான் இவர்கிட்ட வரணும்னு கிடையாது. சிட்டி (சீட்டுப் பணம்) பிடிக்கிறவனுக்குப் போடுற ஜாமீனும் அப்படித்தான். போடாதீங்கன்னா அப்பாமார் கேக்க மாட்டாங்க. வீட்டுப் பிரமாணத்தோட (பத்திரம்) அசலை அம்மை பேர்ல பேங்க் லாக்கர்ல வைங்க. ஒற்றிக்கோ ஜாமீனுக்கோ வந்து நிக்கிறவன்கிட்ட "நாளைக்குப் பாக்கலாம்"னு சொல்ல ஒரு காரணமாவது இருக்கும்.