புதுப்பிப்பு: கடற்கரைக் கூடாரம் ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை

நண்பர்கள் ஐந்து பேர் கடற்கரையில் இரண்டு இரவு தங்கப் போகிறோம், கூடாரத்து முளை மணலில் நிற்குமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். போய்விட்டு வந்தாச்சு. ஒரு இரவுகூட முழுசாகத் தங்கவில்லை.

முளை நிற்கவே இல்லை. அடித்த வேகத்திலேயே உருவிக்கொண்டு வந்தது. நீங்கள் சொன்னபடி பைகளில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்தோம். அது மட்டும் கடைசிவரை அசையவில்லை, நன்றி.

பத்து மணி வாக்கில் காற்று திடீரென்று திசை மாறி, சில்லென்று வீசியது. இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று மழைக்கு முன்னாலேயே வந்துவிடும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணினோம்: 15 விநாடி. ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கச் சுமார் 3 விநாடி, ஆக 5 கிலோமீட்டர். "தூரம்தானேடா" என்றான் ஒருத்தன். நானும் தலையாட்டினேன், அதுதான் தப்பு. இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம்; கூடாரம் அதற்குப் பாதுகாப்பே இல்லை. இரண்டாவது இடிக்குப் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு காருக்குள் ஓடினோம். கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழித்துத்தான் வெளியே வரணும். எங்கே நின்றது? ஈரத் துணியோடு விடியவிடிய உட்கார்ந்தே தூங்கினோம்.

காலையில் கூடாரத்துக் கம்பி இரண்டு வளைந்திருந்தது. அலை வாசல்வரை வந்து போன தடம். என் ஒற்றைச் செருப்பு இன்னும் கிடைக்கவில்லை.