"கதிர்வீச்சு நீக்கி" மூட்டை: மாட்டுக்குப் போடலாமா?

ஹொஸ்கோட்டை தொழுவம்:
வணக்கம். ஹொஸ்கோட்டை தாண்டி 14 எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீஷியன்) கலப்பினப் பசுக்கள். பாதிப் பால் டெய்ரிக்கு, மீதி ஒயிட்ஃபீல்டு அப்பார்ட்மென்ட்களுக்கு நேராக. கோலார், சிக்கபள்ளாபுரம் பக்கத்து போர்வெல்களில் யுரேனியம் என்று செய்தி வந்ததிலிருந்து, "உங்கள் பாலில் ரேடியேஷன் உண்டா?" என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். போதாததற்குப் பக்கத்து நிலத்தில் மொபைல் டவர்.

இப்போது ஒருவர் ஒரு தொகுப்பு விற்கிறார். ஜியோலைட் கலந்த தாது உப்பு (மாட்டுக்கு நாளுக்கு 30 கிராம்), நேப்பியர் புல்லில் தெளிக்க போராக்ஸ், தண்ணீரில் விட அயோடின் சொட்டு, டவர் கதிர்வீச்சைக் குறைக்குமாம் என்று தொழுவத்தில் மாட்ட சாணிச் சில்லு. மீட்டர் வைத்தும் காட்டினார்: கல் தொட்டியில் எண் ஏறுகிறது, தொட்டிக்கும் மீட்டருக்கும் நடுவே அவருடைய 25 கிலோ மூட்டையை வைத்தால் இறங்குகிறது. இதில் எதாவது உருப்படியா?

தீவனக்கணக்கு:
அந்த மீட்டர் வித்தையை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் தொட்டி கருங்கல். இந்தப் பக்கத்துக் கருங்கல்லில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 மூன்றும் இயற்கையாகவே உண்டு. நடுவில் 25 கிலோ எடையுள்ள எதை வைத்தாலும் எண் இறங்கும். அரிசி மூட்டையை வைத்துப் பாருங்கள், அதுவும் "நீக்கி"தான். பொட்டாஷ் உர மூட்டை மேல் மீட்டரை வைத்தால் எண் ஏறும். அதை வைத்து நாளை இன்னொருவர் உரம் விற்க வருவார்.

இனி ஜியோலைட். பெண்டோனைட் களிமண், ஜியோலைட் கனிமம் இரண்டும் கதிரியக்கச் சீசியத்தைக் குடலில் பிடிப்பது உண்மை. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு ஐரோப்பாவில் பயன்படுத்தினார்கள். ஆனால் பாலில் சீசியம் பாதியாகக் குறைய பெண்டோனைட்டே மாட்டுக்கு நாளுக்கு அரைக் கிலோ அளவில் போக வேண்டும். 30 கிராம் எதற்கும் காணாது. அரைக் கிலோ போட்டாலோ தீனி எடுப்பது குறையும், தாதுச் சத்துக்கள் சிலவும் அதோடு சாணியில் போய்விடும். செயற்கை ஜியோலைட்டை வெளிநாடுகளில் கன்று போடுவதற்கு முந்தைய இரண்டு வாரம் தருவதே சுண்ணாம்புச் சத்தைக் கட்டத்தான். அப்போது மாடு எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கப் பழகிக்கொள்ளும், பால் காய்ச்சல் (கன்று போட்டதும் கால்சியம் குறைந்து மாடு படுத்துவிடுவது) வராது. கறவையில் இருக்கும் மாட்டுக்கு அந்த வேலை எதற்கு?

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. உங்கள் புல்லில் சீசியம் எங்கிருந்து வந்தது? அணுஉலை விபத்தோ குண்டோ இல்லாமல் அது வராது. உங்கள் பிரச்சினை யுரேனியம். இங்கத்து ஆழ்கிணற்றுத் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம். அதோடு சேர்ந்து யுரேனியம் எதிர்மின் அயனியாக மிதக்கும். ஜியோலைட் பிடிப்பது நேர்மின் அயனியை. பூட்டு ஒன்று, சாவி வேறு.

சர்ஜாபுரம் அக்கா:
போராக்ஸ் பற்றி நான் சொல்கிறேன், அதுதான் இந்தத் தொகுப்பிலேயே ஆபத்தானது.

போராக்ஸில் இருப்பது போரான். அது நியூட்ரானை விழுங்கும். அதனால்தான் செர்னோபிலில் எரிந்த உலை மேல் ஹெலிகாப்டரிலிருந்து போரான் கார்பைடு கொட்டினார்கள். உங்கள் நேப்பியர் புல் நியூட்ரான் விடவில்லை. சீசியத்தையோ அயோடினையோ யுரேனியத்தையோ போரான் கட்டாது. பெயர் அணுஉலையோடு ஒட்டியதால் மருந்தாகிவிட்டது, அவ்வளவுதான்.

மாடு தாங்கும் அளவு கிலோ உலர் தீவனத்துக்கு ஏறக்குறைய 135 முதல் 150 மில்லிகிராம் போரான். நாளுக்கு 15 கிலோ உலர் தீவனம் என்றால் 2 கிராம் சொச்சம். போராக்ஸில் போரான் 11 சதவீதம். ஆக ஒரு மாட்டுக்கு நாளுக்கு 20 கிராம் போராக்ஸிலேயே எல்லை வந்துவிடுகிறது. தெளித்த மறுநாள் புல்லை அறுத்துப் போட்டால் எவ்வளவு உள்ளே போகிறது என்று யார் அளப்பது? மண்ணில் போரான் குறை என்று பரிசோதனை சொன்னால் மட்டும் அடியுரமாகப் போடுங்கள். அது வேறு கணக்கு.

அயோடின் சொட்டும் அப்படியே. அது தைராய்டில் கதிரியக்க அயோடின்-131 ஏறாமல் தடுக்கும், வேறெதையும் தொடாது. அயோடின்-131 எட்டு நாளில் பாதியாகும், 80 நாளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விபத்து நடந்த முதல் வாரங்களில் மட்டுமே பேச்சு. தினமும் ஊற்றினால் அந்த அயோடின் பாலில்தான் இறங்கும், அதைக் குடிக்கிறது உங்கள் வாடிக்கையாளர் வீட்டுக் குழந்தை. காம்பு முக்குகிற அயோடின் கரைசலைத் துடைக்காமல் கறந்தாலே பாலில் அயோடின் ஏறும் என்பது தெரிந்ததுதானே.

ஹொஸ்கோட்டை தொழுவம்:
நன்றி அக்கா. போராக்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். வெளிநாட்டில் "நீல மருந்து" ஒன்று உண்டு என்கிறார்களே, அது? டவர் விஷயம்? பாலைச் சோதிக்க முடியுமா?

தீவனக்கணக்கு:
நீல மருந்து நிஜம். பிரஷ்யன் நீலத்தின் ஒரு வகை, அம்மோனியம் ஃபெரிக் ஹெக்சாசயனோஃபெரேட். மாட்டுக்கு நாளுக்கு 3 கிராம் போதும், பால் சீசியம் 80 முதல் 90 சதவீதம் வரை குறையும். சீசியம் எச்சில் வழியாகத் திரும்பத் திரும்பக் குடலுக்கு வருவதால் ஒவ்வொரு சுற்றிலும் பிடிபடும். நார்வேயில் ஆட்டுக்கும் கலைமானுக்கும் நக்கும் உப்புக் கட்டியில் கலந்தும், வயிற்றில் தங்கும் உருண்டையாகவும் கொடுத்தார்கள். பெயிண்ட் கடையில் கிடைக்கும் நீலப் பொடி இது அல்ல, அந்த யோசனை வேண்டாம். உங்களுக்கு அந்த மருந்தும் வேண்டாம், ஏனென்றால் யுரேனியத்துக்கு இது பயன்படாது.

மருந்தில்லாத வழிதான் எப்போதும் முந்தியது. 1957-இல் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் உலை தீப்பிடித்தபோது மாட்டுக்கு எதுவும் கொடுக்கவில்லை. சுற்றுவட்டாரப் பாலை எடுத்துக் கொட்டினார்கள். சுத்தமான தீவனத்துக்கு மாற்றினால் பாலில் சீசியம் சில நாளிலேயே பாதியாகும்.

இப்போது உங்கள் போர்வெல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், நம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அளவு 60. தண்ணீரில் 60 இருந்து, மாடு நாளுக்கு 70 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள்: 4,200 மைக்ரோகிராம். லிட்டர் பாலுக்கு அதில் ஆயிரத்தில் மூன்று பங்கு போகும் என்று கணக்குப் போட்டாலும் 12.6 மைக்ரோகிராம்தான். மாடே வடிகட்டி. அதே தண்ணீரைக் குடிக்கும் உங்கள் வீட்டாருக்குத்தான் முதலில் ஆர்.ஓ. போட வேண்டும். கொதிக்க வைத்தால் யுரேனியம் போகாது, நீர் சுண்டிச் செறிவுதான் கூடும். யுரேனியத்தில் பயப்பட வேண்டியது கதிர்வீச்சைவிட சிறுநீரகத்துக்கு அது செய்யும் ரசாயனக் கேடு.

கே.ஆர்.புரம் மின்வேலை:
டவருக்கு வருகிறேன். அதிலிருந்து வருவது ரேடியோ அலை. துகள் இல்லை, பாலில் எதுவும் படியாது, கட்டிப் பிடிக்க எதுவுமே இல்லை. 2012-இல் நம் நாட்டு வரம்பைச் சர்வதேச வரம்பில் பத்தில் ஒன்றாகக் குறைத்தார்கள். சாணிச் சில்லு 2020-இல் மத்திய அரசின் பசு நல அமைப்பான ராஷ்ட்ரீய காமதேனு ஆயோக் மேடையிலேயே அறிமுகமானது. நூற்றுக்கணக்கான விஞ்ஞானிகள் ஆதாரம் கேட்டார்கள்.

ஆனால் டவர் வந்த பிறகு பால் குறைந்தது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், எர்த்திங்கைப் பாருங்கள். டவரின் ஜெனரேட்டர், உங்கள் கறவை இயந்திரம், மோட்டார் எதிலாவது கசிவு இருந்தால் தொட்டிக்கும் தரைக்கும் நடுவே சின்ன வோல்ட்டேஜ் நிற்கும். மாடு தண்ணீரை உறிஞ்சாமல் நாக்கால் நக்கும், கறவையில் காலை உதறும். மல்டிமீட்டரை ஏசி-யில் வைத்து, ஒரு முனை தொட்டியின் இரும்புக் குழாயில், மறு முனை மாடு நிற்கும் ஈரத் தரையில் வைத்த தகட்டில். இரண்டு முனைக்கும் குறுக்கே 500 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள், இல்லாவிட்டால் பொய்யான எண் காட்டும். கறவை நேரத்தில் அளந்து பாருங்கள். 1 வோல்ட்டைத் தாண்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தீவனக்கணக்கு:
சோதனை: கைமீட்டரால் பாலை அளக்கவே முடியாது. சாதாரணப் பாலிலேயே பொட்டாசியம்-40 லிட்டருக்கு 45, 50 பெக்கரல் (நொடிக்கு அத்தனை அணுச் சிதைவு) உண்டு, அது தாய்ப்பாலிலும் உண்டு. ஜெர்மானியம் டிடெக்டர் உள்ள ஆய்வகத்தில் காமா நிறமாலை எடுக்க வேண்டும், ஒரு லிட்டராவது கொடுக்க வேண்டும். சீசியம்-137 தனி வரியாக வரும். ஒப்பிட்டுப் பார்க்க: ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஜப்பான் பாலுக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு 50 பெக்கரல். யுரேனியத்துக்கு காமா வேண்டாம், போர்வெல் தண்ணீரை ஐ.சி.பி.எம்.எஸ். (உலோகங்களை நுண்ணளவில் அளக்கும் கருவி) பார்க்கும் ஆய்வகத்தில் கொடுங்கள். சுத்தமான பாட்டிலில், மோட்டார் ஓடிப் பத்து நிமிடம் கழித்துப் பிடித்த தண்ணீர்.

சர்ஜாபுரம் அக்கா:
பெண்டோனைட் வாங்கித்தான் தீருவேன் என்றால், கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் இருக்கும் மழைக்காலத்தில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சண நச்சுக்காக வாங்குங்கள், பை மேல் போட்ட அளவுக்கே போடுங்கள். அந்த நச்சு பாலில் இறங்கும் வடிவமான எம்1-க்கு வரம்பு கிலோவுக்கு அரை மைக்ரோகிராம். அப்பார்ட்மென்ட்காரர்கள் அதைக் கேட்பதே இல்லை!

ஹொஸ்கோட்டை தொழுவம்:
தொட்டியில் 500 ஓம் போட்டு அளந்தேன்: கறவை நேரத்தில் 1.6 வோல்ட். மோட்டாரை நிறுத்தினால் 0.2. தண்ணீர் மாதிரியை நாளைக்குக் கொடுக்கிறேன்.

கே.ஆர்.புரம் மின்வேலை:
அப்படியானால் டவர் குற்றவாளி இல்லை, உங்கள் மோட்டார்தான். அதன் எர்த் ஒயரைக் கழற்றிப் பாருங்கள், முனை பச்சை பிடித்துப் போயிருக்கும். மெயினை நிறுத்திவிட்டுத் தொடுங்கள்.