திருத்தணி முதல் திருச்செந்தூர் வரை: சைக்கிளில் ஆறுபடை வீடு போக வழி, வண்டி, உணவு

வேல்மிதி கேட்டது:

வணக்கம். ஆறுபடை வீட்டையும் ஒரே மூச்சில் சைக்கிளில் முடிக்க இரண்டு பேர் திட்டம் போடுகிறோம். தை மாதக் கடைசியில் கிளம்பலாம் என்று எண்ணம். கையில் 10 நாள் இருக்கிறது. ஒரு வண்டி 700சி ஹைபிரிட், 35 மி.மீ. டயர், 3×8 கியர். இன்னொன்று கியர் இல்லாத பழைய 28 இன்ச் கம்பி பிரேக் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் 80 கி.மீ. ஓட்டிப் பழக்கம். தொடர்ந்து பத்து நாள் ஓட்டியதில்லை.

பரங்குன்றத்தில் தொடங்கும் பழைய வரிசையில் போவதா, வடக்கிலிருந்து தெற்கே இறங்குவதா? நான்குவழிச் சாலையா, உள்சாலையா? 28 இன்ச் வண்டி இவ்வளவு தூரம் தாங்குமா? மாலை போட்டு ஒருவேளைச் சாப்பாட்டு விரதம் இருந்துகொண்டு ஓட்ட முடியுமா? கடைசியில் வண்டிகளை ரயிலில் சென்னைக்கு எப்படிக் கொண்டுவருவது?

---

கீழைக்காற்று:

வரிசையை முதலில் முடித்துவிடுவோம். திருமுருகாற்றுப்படை வரிசைப்படி பரங்குன்றம், செந்தூர், பழனி, சுவாமிமலை, திருத்தணி, பழமுதிர்சோலை என்று போனால் 1,400 கி.மீ.க்குக் குறையாது. மதுரைக்கே இரண்டு தடவை வர வேண்டும். திருத்தணியில் தொடங்கித் திருச்செந்தூரில் முடித்தால் ஏறத்தாழ 870 கி.மீ. பத்து நாளுக்கு இதுதான் சரி.

தெற்கே இறங்கச் சொல்வதற்குத் தூரத்தைவிடப் பெரிய காரணம் காற்று. தை, மாசியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். திருத்தணியிலிருந்து கும்பகோணம் வரை இடது தோளிலும் முதுகிலும் படும். சுவாமிமலையிலிருந்து பழனி வரை மேற்கே போவதால் முழுக்க முதுகுக்காற்று. திருச்சிக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாமல் 180 மீட்டருக்கு மேல் ஏறுகிறீர்கள். அந்த ஏற்றம் காலில் தெரியாமல் போவது இந்தக் காற்றால்தான். இதே வழியை ஆடியில் ஓட்டினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே நேர் முகத்தில் அறையும், வேகம் 12-க்கு இறங்கும். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போக நினைப்பவர்கள் தெற்கிலிருந்து வடக்கே ஓட்ட வேண்டும்.

அடுத்தது காலண்டர். தைப்பூசம் எந்தத் தேதி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூசத்துக்கு முந்தைய ஒரு வாரம் திண்டுக்கல்–பழனி சாலை முழுக்கப் பாதயாத்திரைக்காரர்கள் இருப்பார்கள். இரவிலும் நடப்பார்கள். அவர்களுக்காகச் சாலையோரம் போட்ட நடைபாதையில் சைக்கிளை ஏற்றாதீர்கள். அந்த வாரம் பழனியில் அறை கிடைப்பதும் கஷ்டம். பூசம் முடிந்து நான்கைந்து நாள் கழித்துப் பழனியை அடையும்படி கணக்குப் போடுங்கள்.

நாள் கணக்கு இப்படி:

1: திருத்தணி–அரக்கோணம்–காஞ்சிபுரம்–வந்தவாசி, 82 கி.மீ. காலையில் 365 படி ஏறித் தரிசனம் முடித்துவிட்டுத்தான் கிளம்புவீர்கள் என்பதால் குறைவாக வைத்திருக்கிறேன்.
2: வந்தவாசி–திண்டிவனம்–விக்கிரவாண்டி–பண்ருட்டி, 90.
3: பண்ருட்டி–வடலூர்–சேத்தியாத்தோப்பு–அணைக்கரை–கும்பகோணம், 95 சொச்சம்.
4: காலையில் சுவாமிமலை, பிறகு திருவையாறு–கல்லணை–திருவானைக்காவல், 90.
5: திருச்சி–மணப்பாறை–திண்டுக்கல், 100.
6: திண்டுக்கல்–ஒட்டன்சத்திரம்–பழனி, 60. சாயங்காலம் மலை.
7: பழனி–ஒட்டன்சத்திரம்–செம்பட்டி–மதுரை, 120.
8: மதுரையில் மூட்டையை இறக்கிவைத்துவிட்டுக் காலையில் பரங்குன்றம், பிறகு பழமுதிர்சோலை, சேர்த்து 60.
9: மதுரை–அருப்புக்கோட்டை–எட்டயபுரம், 95.
10: எட்டயபுரம்–தூத்துக்குடி–திருச்செந்தூர், 85.

இதில் கடினமான நாள் ஏழாவது. அன்றைக்கு மட்டும் கிழக்கே திரும்புகிறீர்கள், காற்று எதிரே வரும். மொத்தத்தில் இறக்கமான பாதை என்பது ஓரளவு கைகொடுக்கும். காலை 5:30-க்குக் கிளம்பிவிட்டால் 10 மணிக்குள் செம்பட்டியைத் தாண்டிவிடலாம்.

சுவாமிமலையிலும் பரங்குன்றத்திலும் மதியம் நடை சாத்துவார்கள். பகல் ஒரு மணிக்குப் போய் நின்றால் மூன்று மணி நேரம் வீண், அன்றைய ஓட்டமே கெட்டுப்போகும். அதனால் இரண்டையும் காலையிலேயே வைத்திருக்கிறேன்.

பழனியில் 693 படி. ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முட்டிக்கு வேலை. மறுநாள் 120 கி.மீ. இருப்பதால் விஞ்ச்சிலோ ரோப் காரிலோ இறங்குவதில் தப்பில்லை. அடிவாரத்துத் திருஆவினன்குடியை விட்டுவிடாதீர்கள். படைவீடு என்று திருமுருகாற்றுப்படையில் வருவது அதுதான்.

---

காட்டர்_பின்:

28 இன்ச் வண்டியைப் பற்றி நான் சொல்கிறேன். தாங்கும். ஹைபிரிட்டைவிட அதற்குத்தான் வழியில் உதிரி கிடைக்கும். எந்த ஊர்ச் சைக்கிள் கடையிலும் 28×1½ டியூப், டயர், வால்வ் டியூப் இருக்கும். 700சி டியூப் தாலுகா ஊர்களில் தேடினாலும் கிடைப்பது அரிது. "28 இன்ச்தானே, ஒன்றுதான்" என்று கடைக்காரர் எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். 28×1½ ரிம்மின் அளவு 635 மி.மீ., 700சி 622 மி.மீ. டயர் தொளதொளவென்று நிற்கும், காற்றடித்ததும் கழன்றுவிடும்.

பழைய வண்டிக்குச் செய்ய வேண்டியவை: பின்பக்க ஃப்ரீவீல் 18 பல் இருந்தால் 20 அல்லது 22-க்கு மாற்றுங்கள். செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டிவரலாம். கட்டைப் பெட்டி (பெடல் அச்சு சுழலும் இடம்), முன் ஹப், பின் ஹப் மூன்றையும் பிரித்துப் பழைய பால்ஸை எறிந்துவிட்டுப் புதிது போட்டுப் புது கிரீஸ் வையுங்கள். கோன் இறுக்கும்போது அச்சு ஆடவும் கூடாது, விரலால் சுற்றினால் கரகரக்கவும் கூடாது. பிரேக் கட்டை நான்கும் புதிது. கம்பி பிரேக் ஈரத்தில் பாதிதான் பிடிக்கும், அணைக்கரைப் பக்கம் காலைப் பனியிலேயே ரிம் நனைந்துவிடும்.

முக்கியமானது கிராங்க்கின் காட்டர் பின், அதாவது பெடல் கையை அச்சோடு பிணைக்கும் ஆப்பு. புதிதாக அடித்த பின் முதல் 50 கி.மீ.யில் கொஞ்சம் உட்காரும், நட்டு தளரும். அப்படியே மிதித்தால் பின் நசுங்கி, மிதிக்கும்போது டொக் டொக் என்று சத்தம் வரும். பிறகு கிராங்க் ஓட்டையே தேய்ந்துபோகும். அதனால் கிளம்ப ஒரு வாரம் முன்பே பின் மாற்றி, 50 கி.மீ. ஓட்டி, மறுபடி தட்டி இறுக்குங்கள். இரண்டு பின் பையில் இருக்கட்டும்.

ஹைபிரிட்டில் உடைவது பெரும்பாலும் பின் சக்கரத்தின் வலப்பக்கப் போக்ஸ் கம்பி. பல்சக்கரங்களுக்கு இடம் விட ரிம் வலப்பக்கம் தள்ளி நிற்பதால் அந்தப் பக்கக் கம்பிகளுக்கு இழுவிசை அதிகம், அதன்மேல் கேரியர் சுமையும் சேர்கிறது. கிளம்புமுன் கோட்டம் எடுத்து, கம்பிகளை விரலால் சுண்டிச் சத்தம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். அதே நீளத்தில் மூன்று கம்பியும், கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) கழற்றும் கருவியும் கொண்டுபோங்கள். கருவி இல்லாமல் வலப்பக்கக் கம்பியை மாட்டவே முடியாது, ஊர்க் கடைகளில் அந்தக் கருவி இருக்காது.

ஹைபிரிட்டுக்கு உதிரி: டியூப் 3, பஞ்சர் பட்டை 8, சொல்யூஷன் 1, டயர் லீவர் 2, செயின் இணைப்புக் கண்ணி 2, பிரேக் ஒயர் 1, கியர் ஒயர் 1, பிரேக் கட்டை ஒரு ஜோடி, 4-5-6 ஆலன் சாவி, கைப்பம்பு, ஒரு சாமணம். சாமணம் எதற்கு என்றால், நான்குவழிச் சாலையில் வெடித்த லாரி டயர்களிலிருந்து முடி அளவு எஃகு இழைகள் சிதறிக் கிடக்கும். டயரில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, டியூப் மாற்றிய பத்தாவது கிலோமீட்டரில் மறுபடி காற்றிறங்கும். பழைய டியூபில் ஓட்டை எங்கே என்று பார்த்து, டயரில் அதே இடத்தைப் பஞ்சால் துடைத்தால் இழை பஞ்சைப் பிடித்து இழுக்கும். சாமணத்தால் பிடுங்குங்கள்.

டியூப் வாங்கும்போது பைக் வால்வ் உள்ளதாக வாங்குங்கள். பிரெஸ்டா (மெல்லிய வால்வ்) என்றால் லாரி பஞ்சர் கடையில் காற்றடிக்க அடாப்டர் வேண்டும். 75 கிலோ ஆள், 10 கிலோ மூட்டை என்றால் 35 மி.மீ. டயருக்குப் பின்னால் 65, முன்னால் 50 பி.எஸ்.ஐ. போதும். லாரிக் கடைக் கம்ப்ரசரில் அடித்தால் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள், ஒரே அமுக்கில் டியூப் வெடிக்கும்.

மூட்டை கேரியரில்தான், முதுகில் வேண்டாம். ஆளுக்கு 8 கிலோவைத் தாண்டினால் எதையோ தேவையில்லாமல் எடுத்திருக்கிறீர்கள்.

---

கரிசல்ரோடு:

மேலே உள்ள திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. ஐந்தாம் நாள் நூறு கிலோமீட்டரும் நான்குவழிச் சாலை. பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகும் ரோடு. ஓர வெள்ளைக் கோட்டுக்கு வெளியேதான் ஓட்ட முடியும், எஃகு இழையும் கண்ணாடியும் ஒதுங்குவது அங்கேதான். சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதில் இறங்குங்கள். பாலத்துக்கு முன்னால் சர்வீஸ் ரோடு முடியும் இடத்தில் எதிர்த்திசையில் வரும் டூவீலர்களைக் கவனியுங்கள், அங்கேதான் மோதல் நடக்கும்.

நான்காம் நாள் கல்லணை வழியைத் தேர்ந்தது நல்லது. ஆனால் அந்தச் சமயம் சம்பா அறுவடை. ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல் காயும், வைக்கோல் கிடக்கும். நெல்மேல் பிரேக் பிடித்தால் சறுக்கும், வைக்கோல் செயினில் சுற்றும். இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் மரியாதையும்கூட, அவர்கள் ஆறு மாத உழைப்பு அது. மூன்றாம் நாள் சேத்தியாத்தோப்பைச் சுற்றிக் கரும்பு டிராக்டர்கள் போகும். பின்னால் ஒட்டி ஓட்டாதீர்கள், கட்டு சரிந்தால் உங்கள்மேல்தான் விழும்.

பழமுதிர்சோலைக்கு அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் மலைரோடு. கியர் இல்லாத வண்டியை அடிவாரத்தில் பூட்டிவிட்டுக் கோவில் பஸ்ஸில் போங்கள். ஏற்றத்தைத் தள்ளிக்கூட ஏறிவிடலாம், இறக்கத்தில் கம்பி பிரேக்கை நம்ப முடியாது. குரங்குகள் ஜிப் திறக்கும். கேரியர் பையில் வாழைப்பழம் இருந்தால் பை கிழியும்.

மதுரையைத் தாண்டினால் வேறு உலகம். அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நிழல் கிடையாது. சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். முள் காய்ந்து ரோட்டோரம் கிடக்கும், பழைய டயர் என்றால் ஒரே நாளில் நாலு பஞ்சர். டயருக்கும் டியூபுக்கும் நடுவே பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி உள்ளுறையாகப் போடுங்கள். கொஞ்சம் கனமாகும், பரவாயில்லை. சிறுநீர் கழிக்க இறங்கினால்கூட வண்டியைத் தார்ரோட்டிலேயே நிறுத்துங்கள். அருப்புக்கோட்டையிலேயே ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள்.

பத்தாம் நாள் 11 மணிக்கெல்லாம் கடல்காற்று எழுந்துவிடும். ஆறுமுகநேரி, காயல்பட்டினம் பக்கம் உப்பளத் திடலில் மறைப்பே கிடையாது. தூத்துக்குடியை 9 மணிக்குள் தாண்டுங்கள். உப்புக்காற்று பட்ட செயினை அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

---

வேல்மிதி:

நன்றி ஐயா மூவருக்கும். ஐந்தாம் நாளை மணப்பாறையில் உடைத்து ஒரு நாள் கூட்டிக்கொள்கிறோம். விரதம், செருப்பு, ரயில் பற்றி யாராவது?

---

கீழைக்காற்று:

பகல் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் 90 கி.மீ. ஓட்டினால் மூன்றாம் நாள் பகலில் கால் நின்றுபோகும், தலை கிறுகிறுக்கும். அந்த நிலையில் லாரி ரோட்டில் இருப்பது ஆபத்து. பால், பழம், பலகாரம் விரதத்துக்கு உட்பட்டதா என்று உங்கள் குருசாமியிடம் கேளுங்கள். பல குழுக்களில் அனுமதிப்பார்கள். அப்படியானால் இரவில் ஒருவேளைச் சாப்பாடு, பகலில் மணிக்கு இரண்டு வாழைப்பழம் அல்லது ஒரு கைப்பிடி வெல்ல அவல். பழனிக்குப் பிறகு பஞ்சாமிர்தம் இருக்கவே இருக்கிறது. வாழைப்பழமும் சர்க்கரையும் பேரீச்சையும் சேர்ந்த அதைவிட நல்ல சைக்கிள் உணவைக் கம்பெனிக்காரர்கள் இன்னும் செய்யவில்லை. டப்பாவைத் திறந்துவிட்டால் மட்டும் வெயிலில் கசிந்து பையெல்லாம் எறும்பு.

மணிக்கு 600–750 மி.லி. தண்ணீர். வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் உப்பு குறைந்து தலைவலியும் வாந்தியும் வரும். நாளுக்கு இரண்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், ஒவ்வொன்றும் ஒரு லிட்டரில் கரைத்து. பாதித் தண்ணீரில் கரைத்தால் வயிற்றைப் புரட்டும்.

வெறுங்காலோடு என்றால் இரும்புப் பெடல் வேண்டாம், பகலில் சுடும், விளிம்பு பாதத்தை அறுக்கும். ரப்பர் கட்டை வைத்த பழைய பெடல் இரண்டு வண்டிக்கும் நல்லது. செருப்பு அணிவதாக இருந்தால் பின்வார் வைத்த சாண்டல் போதும், ஆறு கோவிலிலும் கழற்றத்தான் போகிறீர்கள். சைக்கிள் நிக்கருக்கு உள்ளே ஜட்டி போடாதீர்கள், தையல் உராய்ந்துதான் புண் வரும். ஓட்டம் முடிந்ததும் உடனே அவிழ்த்துத் துவைத்து, தொடையில் தேங்காய் எண்ணெய். நிக்கரோடு சன்னதிக்குப் போக முடியாது, ஒரு வேட்டி கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பழனியிலும் செந்தூரிலும் கைபேசிக்குத் தடை, காப்பறையில் கொடுக்கலாம். வரைபடத்தைக் கைபேசியில் மட்டும் நம்பாமல் ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

---

காட்டர்_பின்:

ரயில். திருச்செந்தூரிலிருந்து சென்னை எழும்பூருக்கு நேரடி வண்டி செந்தூர் எக்ஸ்பிரஸ். உங்கள் டிக்கெட்டைக் காட்டிப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதியலாம், அடையாள அட்டை நகல் வேண்டும். வண்டி புறப்படும் நிலையம் என்பதால் ஏற்ற நேரம் இருக்கும், நடுவழி நிலையங்களில் அந்த வசதி இல்லை. பிரேக் வேனில் (ரயிலின் லக்கேஜ் பெட்டி) இடம் தனியாருக்குக் குத்தகை விட்டிருந்தால் ஏற்ற மாட்டார்கள். எனவே முந்தின நாளே நேரில் கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் திருநெல்வேலி போய் ஏற்ற வேண்டிவரும்.

விளக்கு, பம்பு, பாட்டிலைக் கழற்றுங்கள். ஹைபிரிட்டில் செயினைப் பின்னால் பெரிய பல்லில் போடுங்கள், டீரெய்லர் (கியர் மாற்றும் கை) உள்ளே ஒடுங்கும். அதன்மேல் அட்டை, அதன்மேல் சாக்கு. ஹேண்டிலைத் திருப்பிக் கட்டுங்கள். பெயர், போன் எண், புறப்படும் நிலையம், சேரும் நிலையம் நான்கையும் அட்டையில் எழுதி இரண்டு பக்கமும் கட்டுங்கள், ஒன்று கிழிந்தாலும் மற்றொன்று இருக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். எழும்பூரில் இறங்கியதும் எடுத்துவிடுங்கள், கிடந்தால் கிடங்குக் கட்டணம் ஏறும். 28 இன்ச் வண்டிக்குச் சாக்குகூட வேண்டாம், காட்டர் பின் நட்டை மட்டும் ஒரு தடவை இறுக்கிவிட்டு ஏற்றுங்கள்.