பொண்ணோட ஒரே ஒரு வீடியோ வைரல் ஆச்சு, இப்போ என்ன பண்றதுன்னு தெரியல

கயல்_அம்மா
வணக்கம் எல்லாருக்கும், கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க. என் பொண்ணுக்கு 15 வயசு. ரெண்டு மாசம் முன்னாடி துணி மடிச்சுக்கிட்டே ஒரு பாட்டு பாடினா, ஃபோனை ஜன்னல்ல சாய்ச்சு வெச்சு அவளே எடுத்து இன்ஸ்டால போட்டா, 20 செகண்டு கூட இருக்காது. அப்போ அவளுக்கு 212 ஃபாலோயர்ஸ், எல்லாம் கூடப் படிக்கிறதுங்க. மறுநாள் காலைல பாத்தா லட்சக்கணக்குல வியூஸ், ஒரே வாரத்துல 64 ஆயிரம் ஃபாலோயர்ஸ். எங்களுக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்லல, நானே தெரிஞ்சவங்க எல்லாருக்கும் ஃபார்வர்டு பண்ணேன்.

இப்போ பாட்டு போயிடுச்சு, வீடியோ மட்டும்தான் இருக்கு. அதே மாதிரி நாலு வரிய 17 தடவை எடுக்குறா. பின்னாடி அந்தத் துணிக் குவியல் இருந்தாத்தான் ஓடும்னு மடிச்சு அடுக்கின துணியெல்லாம் திரும்ப எடுத்துக் கலைச்சுப் போடுறா. சாப்பிடறப்போ ஒரு கை தட்டுல, இன்னொரு கை கட்டைவிரல் ஸ்க்ரீனை இழுத்து இழுத்து ரிஃப்ரெஷ் பண்ணிக்கிட்டே இருக்கு. போன வாரம் போட்டது 3 ஆயிரம் கூட தாண்டல, அன்னிக்கு ராத்திரி சாப்பாடே வேணாம்னுட்டா. எவனோ அவ பல்லைப் பத்தி ஒரு கமெண்ட் போட்டிருக்கான், அதுலேர்ந்து சிரிக்கிறப்போ கையால வாயை மூடிக்கிறா. இதுல ஒரு கம்பெனிலேர்ந்து பணம் தர்றோம்னு மெசேஜ் வேற. அவங்கப்பா அக்கவுண்டையே டெலீட் பண்ணுன்றார், எனக்கு மனசு வரல.

நடுராத்திரி_சிஸ்டம்
அக்கா முதல்ல ஒண்ணு கேக்குறேன், 15 வயசுன்னா அக்கவுண்ட் எப்படி பப்ளிக்கா இருக்கு? 2024 செப்டம்பர்லேர்ந்து ஒவ்வொரு நாடா இன்ஸ்டால டீன் அக்கவுண்ட்னு கொண்டு வந்துட்டாங்க, 16க்கு கீழ இருந்தா தானாவே ப்ரைவேட் ஆயிடும், பெத்தவங்க ஓகே சொன்னாத்தான் பப்ளிக்கா மாத்த முடியும், தெரியாத ஆளு மெசேஜும் அனுப்ப முடியாது. உங்க பொண்ணுக்கு அந்த கம்பெனி மெசேஜ் வந்திருக்குன்னாலே அநேகமா பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டிருக்கான்னுதான் அர்த்தம், அதாவது ஆப் அவளை பெரியவங்க கணக்குல வெச்சிருக்கு. திட்டாம கேளுங்க, நிறைய பசங்க இதைத்தான் பண்றாங்க.

இன்னொண்ணு, அந்த வீடியோவ பெரிய ஸ்க்ரீன்ல போட்டு ஒவ்வொரு ஃப்ரேமா நிறுத்திப் பாருங்க. பேட்ஜ், நோட்டு அட்டை, பார்சல் கவர்ல ஒட்டின அட்ரஸ்னு ஏதாவது தெரியுதான்னு. கமெண்ட்டுக்கு செட்டிங்ஸ்ல போய் 'பல்லு' மாதிரி வார்த்தைகளை நீங்களே சேத்து வெச்சா அது இருக்குற கமெண்ட் மறைஞ்சிடும், அவளாத் தேடிப் போகாத வரைக்கும் கண்ணுல படாது.

பழைய_ட்ரெண்டிங்
எனக்கு இப்போ 26 வயசு அக்கா. 16ல நானும் இப்படி ஒரு மாசம் 'ஃபேமஸா' இருந்தேன், ஒரு காமெடி வீடியோ. அதனால எனக்குத் தெரிஞ்சதச் சொல்றேன். ஏறுறப்போ எந்தக் கஷ்டமும் இல்ல, கஷ்டமெல்லாம் நம்பர் இறங்குறப்போதான், ஏன்னா எதுக்கு ஓடுச்சுன்னு நமக்கே தெரியாது, அதனால எதுக்கு ஓடலன்னும் தெரியாது, உடனே 'நான்தான் நல்லா இல்ல'ன்னு மனசு முடிவு பண்ணிடும். உங்க பொண்ணு துணியைக் கலைச்சுப் போடுறான்னு படிச்சப்போ எனக்கு வயித்தப் பிசைஞ்சுது, நான் அதே சட்டைய ஆறு வாரம் போட்டு வீடியோ எடுத்திருக்கேன், அதுதான் ராசின்னு.

அவகிட்ட ஒண்ணு தெளிவா சொல்லுங்க, ஆப் அந்த வீடியோவ கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பாக்கும், அவங்க நின்னு பாத்தா இன்னும் கொஞ்சம் பேருக்குத் தள்ளும், கடந்து போயிட்டா அங்கயே நிறுத்திடும். 3 ஆயிரத்துல நின்னுச்சுன்னா 64 ஆயிரம் பேரும் அவளை வேணாம்னு சொன்னதா ஆகாது, அதுல பெரும்பாலான பேருக்கு அது காட்டப்படவே இல்ல. எனக்கு இதை யாரும் சொல்லல.

2015ல எசினா ஓ நீல்னு ஆஸ்திரேலியாக்காரப் பொண்ணு, 18 வயசு, 5 லட்சத்துக்கு மேல ஃபாலோயர்ஸ். திடீர்னு தன்னோட பழைய போட்டோ கேப்ஷனையெல்லாம் திருத்தி எழுதுச்சு, இந்த ஒரு போட்டோவுக்கு எத்தனை தடவை எடுத்தேன், எதுக்குப் பணம் வாங்கினேன்னு. அதைப் பத்தி வந்த செய்திய உங்க பொண்ணுகிட்ட காட்டுங்க. அட்வைஸா சொல்லாதீங்க, சும்மா காட்டுங்க.

ராமன்_மாமா
இதுக்கெல்லாம் ஏன்மா இவ்வளவு யோசனை. ஃபோனை வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டு, பரீட்சை முடிஞ்சதும் பாத்துக்கலாம். பொண்ணு சாப்பிடாம படுத்த அன்னிக்கே செஞ்சிருக்கணும்.

பழைய_ட்ரெண்டிங்
மாமா, எங்கப்பா அதைத்தான் பண்ணாரு. நான் ஃப்ரெண்டு ஃபோன்ல பாத்தேன், அதுவும் அசிங்கமான கமெண்ட்ட மட்டும் தேடித் தேடி, வீட்ல சொல்லவும் முடியல. கோபம் நியாயம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா பூட்டிட்டா அவ அழுறது நமக்குத் தெரியாம போயிடும்.

கணக்குப்பிள்ளை
பண விஷயம் மட்டும் நான் சொல்றேன் சிஸ்டர். ஜாக்கி கூகன்னு ஹாலிவுட்ல ஒரு சின்னப் பையன் 1920கள்ல ஏகப்பட்ட சம்பாதிச்சான், வளர்ந்து பாத்தா கிட்டத்தட்ட எல்லாத்தையும் அம்மாவும் மாற்றாந்தகப்பனும் செலவழிச்சிருந்தாங்க, 1938ல கேஸ் போட்டான், அதனாலதான் கலிஃபோர்னியால 1939ல குழந்தை நடிகர்களுக்குச் சட்டம் வந்துச்சு. வீடியோவுக்கு அந்த மாதிரி யோசிக்கவே ரொம்ப வருஷம் ஆச்சு, அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலம்தான் முதல்ல, 2024 ஜூலை 1லேர்ந்து, பெத்தவங்க போடுற வீடியோவுல பிள்ளைங்க வந்து பணம் வந்தா அவங்க பங்க தனியா எடுத்து வைக்கணும்னு. நீங்க சட்டம் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், அவ பேர்ல தனி அக்கவுண்ட், ஒவ்வொரு பைசாவும் அதுல. கம்பெனி அக்ரிமெண்ட்ல அந்த வீடியோவ எத்தனை நாள், எங்கெல்லாம் யூஸ் பண்ணுவோம்னு இருக்குற பக்கத்தை முதல்ல படிங்க. 'எப்போதைக்கும்'னு இருந்தா கையெழுத்து போடாதீங்க. அவசரப்படுத்தினா அதுவே பதில்.

கயல்_அம்மா
எல்லாருக்கும் நன்றி, நேத்து ராத்திரி உக்காந்து பேசினோம். பிறந்த வருஷம் 2004ன்னு போட்டிருக்கா. வீடியோவ டிவியில போட்டுப் பாத்தோம், அந்தத் துணிக் குவியல்ல மேலயே அவ ஸ்கூல் சட்டை, பேட்ஜ் எழுத்து படிக்கிற அளவுக்குத் தெரியுது. ரெண்டு மாசமா நான் எத்தனை தடவை பாத்திருப்பேன், கண்ணுலயே படல. அதை உடனே எடுத்துட்டோம், லட்சம் வியூஸ் போச்சேன்னு அழுதா, நானும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். வருஷத்த திருத்துறதுக்கும் ஒத்துக்கிட்டா. கம்பெனிக்கு இப்போ வேணாம்னு நானே எழுதிட்டேன். பல்லு விஷயம்தான் இன்னும் இருக்கு, இன்னிக்கு காலைல கூட கையை வாய்கிட்ட கொண்டு போனா. அதுக்கு யாருக்காவது ஏதாவது தோணினா சொல்லுங்க.